அட்டையில் ஒரு முதல் டாங்கி

கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டை, சிவகாசிக் காலண்டரின் பின்னட்டை, பிளேடு, இரும்பு ஸ்கேல், கொஞ்சம் ஃபெவிகால், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. நம் ஆழ்வார்திருநகரியில் எந்த வீட்டில் தேடினாலும் கிடைக்கிற இந்தச் சாமான்களை வைத்து, உலகத்தின் முதல் டாங்கியைச் சின்ன அளவில் செய்துவிடலாம். அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

டாங்கி என்றதும் நமக்கு ஆவடிதான் நினைவுக்கு வரும். அங்கே உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாகத் தொடங்கியது. அடுத்து அர்ஜுன். 1974-இல் அனுமதி பெற்ற திட்டம். படையில் சேர்ந்தது 2004-இல். நடுவே முப்பது ஆண்டுகள், ஒரு முன்மாதிரிக்குப் பின் இன்னொன்றாக, செய்வதும் திருத்துவதுமாகவே போயின. அந்தத் தாமதத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. முன்மாதிரி என்பது என்ன, அது எதற்காகத் தோற்கிறது என்று கையால் செய்து பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகக் குறை சொல்ல மாட்டார்கள்.

டாங்கியின் முதல் முன்மாதிரியைப் பார்க்க 1915-ஆம் ஆண்டுக்குப் போவோம். ஐரோப்பாவில் பதுங்குகுழிகளும் முள்கம்பிகளுமாக முதல் உலகப் போர் முடங்கிக் கிடந்தது. சர்ச்சில் அப்போது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர். குழியைத் தாண்டிப் போகும் வண்டி ஒன்றைச் செய்ய அவர் குழு அமைத்தார். வேலை யாரிடம் போயிற்று தெரியுமா? இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் விவசாய இயந்திரங்கள் செய்துவந்த வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனியிடம். அங்கே டிரிட்டன், வில்சன் என்ற இருவர் தலைமையில் ஆகஸ்டில் வேலை தொடங்கியது. செப்டம்பரில் வண்டி நகர்ந்துவிட்டது. பின்னாளில் அதற்கு லிட்டில் வில்லி என்று பெயர்.

அதன் உடம்பு கொதிகலன் செய்கிற தகடு. தட்டையான தகடுகளை வெட்டி, கோண இரும்புச் சட்டத்தில் வைத்து, ரிவெட் அடித்தார்கள். வார்ப்பு இரும்பின் வளைவு நெளிவு எதுவும் இல்லை. அதனால்தான் இது காகிதத்துக்கு இவ்வளவு பொருந்துகிறது. பின்னால் வந்த டாங்கிகளின் உருண்டைக் கூண்டை அட்டையில் கொண்டுவருவது பெரும்பாடு. இதற்கோ, லிங்கன் தொழிலாளி தகட்டை வெட்டிய அதே வடிவத்தில் நீங்கள் அட்டையை வெட்டினால் போதும்.

செய்முறையில் இரண்டு விஷயம் முக்கியம். மடிக்க வேண்டிய கோட்டின் மேல் மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி ஓட்டிவிட்டு மடியுங்கள். விளிம்பு கத்தி போல நிற்கும். ரிவெட்டுக்கும் அதே பேனாதான். அட்டையைப் பழைய செய்தித்தாள் அடுக்கின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமிருந்து புள்ளி புள்ளியாக அழுத்துங்கள். திருப்பினால் வரிசையாகக் குமிழ்கள். விளக்கு வெளிச்சத்தில் அசல் ரிவெட்டேதான். பசையை மட்டும் குறைவாகத் தடவுங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் அட்டை அலை அலையாக எழும்பிவிடும்.

பெல்ட்டைச் செய்யும்போதுதான் லிட்டில் வில்லியின் கஷ்டம் புரியும். நம் வயல்களில் அறுவடை இயந்திரத்தில் பார்க்கிறோமே, அந்த மாதிரிச் சங்கிலிப் பட்டை. முதலில் அமெரிக்காவிலிருந்து தருவித்ததை மாட்டினார்கள். குழியைத் தாண்டும்போது தொய்ந்து உருளையைவிட்டுக் கழன்றது. பிறகு டிரிட்டன் எஃகுத் தகட்டை அழுத்தி, உருளையை விட்டு விலகாதபடி புதிதாகப் பட்டை செய்தார். நாம் காகிதப் பட்டையைக் கொஞ்சம் நீளமாக வெட்டிவிட்டாலும் இப்படித்தான் தொங்கும்.

அதற்குள் ராணுவம் கேட்டது மாறிவிட்டது: எட்டடிக் குழியைத் தாண்டி, நாலரை அடி மேட்டில் ஏற வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்திருந்தால், எட்டடி என்பது சுமார் 5 சென்டிமீட்டர். நாலரை அடி 2.7 சென்டிமீட்டர். ஒரு பக்கம் ஒரு புத்தகம், 5 சென்டிமீட்டர் தள்ளி அதைவிட 2.7 சென்டிமீட்டர் உயரமாக ஒரு புத்தக அடுக்கு. லிட்டில் வில்லியைத் தள்ளுங்கள். தாழ்ந்த மூக்கு அடுக்கில் போய் முட்டும். இதே இடத்தில் வில்சன் யோசித்ததுதான் சாய்சதுர வடிவம்: உடம்பைச் சுற்றியே பட்டை, மூக்கு ஆளுயரத்துக்கு மேலே. இதற்கு முதலில் முழு அளவில் மரத்தால் ஒரு மாதிரி செய்து பார்த்தார்கள். பிறகுதான் இரும்பில் ‘மதர்’ பிறந்தது. 1916 பிப்ரவரியில் ஹாட்ஃபீல்டு தோட்டத்தில் ரகசியமாக ஓட்டிக் காட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின.

அவை மனிதரைக் கொல்லச் செய்த இயந்திரங்கள். பிள்ளைகளிடம் அதை மறைக்கவே கூடாது. செய்யும்போதே சொல்லிக்கொடுங்கள்.

லிட்டில் வில்லி இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. மதர் பிழைக்கவில்லை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்பாகப் போய்விட்டது என்பார்கள். ஆசிரியர்களே, பெற்றோர்களே, இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பழைய காலண்டர் அட்டையும் ஸ்கேலும் கொடுங்கள். பிளேடைப் பெரியவர் யாராவது பிடித்துக்கொள்ளட்டும். ஜெயித்த மதரை அப்புறம் செய்யலாம். முதலில் லிட்டில் வில்லியையே செய்யச் சொல்லுங்கள்.