ஆண்டர்சனின் துப்பாக்கியும் வெட்டவெளியும்



போளூரில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. அதை அடுத்து ஏலகிரி. அதற்கும் அப்பால் தருமபுரி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, காவிரிக்கரை என்று காடு போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்தவர் கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்தவர், 1974-இல் பெங்களூரில் காலமானார். விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம், விடுப்பு கிடைத்தால் காடு. தமிழும் கன்னடமும் பேசுவார். ஜவளகிரிப் பெண்புலியைப் பற்றி எழுதியிருக்கிறார், ஏலகிரி மலையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

அவர் கதைகளைப் படித்தவர்களுக்கு அவருடைய துப்பாக்கியின் பெயரும் மறக்காது. வின்செஸ்டர் 405. கைப்பிடிக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர் இருக்கும். நான்கு விரலை அதற்குள் விட்டுக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு மேல்பக்கமாகத் துள்ளி விழும், சுத்தியலும் பின்னால் சாய்ந்து தயாராகிவிடும். லீவரை மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். இவ்வளவும் ஒரு விநாடிக்குள் முடிகிற வேலை.

வேட்டைக் கதைகளை விரும்பிப் படிக்கும் இளைஞர்கள் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள். ஆண்டர்சன் இதையே வைத்துக்கொண்டு புலி அடித்தாரே, அப்படியானால் மரமில்லாத வெட்டவெளியில் பெரிய விலங்கை அடிக்கவும் லீவர் துப்பாக்கிதான் சிறந்ததா? நம் நாட்டில் வேட்டை என்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் படிப்படியாக முடிந்துபோன விஷயம். அது முடிந்ததில் எனக்கு மனநிறைவுதான். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த நிலத்தில், எவ்வளவு தூரத்தில், எதைக் கொண்டு சுடுவது என்று யோசிக்காமல் சுட்டவர்களால் நேர்ந்த துன்பம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆண்டர்சனின் துப்பாக்கி 1895-ஆம் ஆண்டு மாடல். அமெரிக்காவின் ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. அதற்கு முந்தைய லீவர் துப்பாக்கிகளில் பெரும்பாலும் குழலுக்கு அடியில் இன்னொரு நீளக் குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு, முன்னால் இருப்பதன் அடியிலுள்ள பற்றவைக்கும் கேப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். மூக்கு கூராக இருந்தால், சுடும்போது வருகிற உதைப்பில் அந்தக் கூர் கேப்பைக் குத்தி, உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் அந்தத் துப்பாக்கிகளுக்கு மூக்கு தட்டையான குண்டுதான் போட வேண்டும். தட்டைக் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகாது. சீக்கிரம் வேகம் இழந்து, சீக்கிரம் தாழ்ந்துவிடும். பிரௌனிங் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, தோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை அடியில் வைத்தார். கூரான குண்டுக்கு வழி திறந்தது.

ஆனால் 1904-இல் அந்த மாடலுக்கென்று வந்த 405 தோட்டாவோ மழுங்கிய மூக்குடையது. குண்டின் எடை 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் விநாடிக்கு 2,200 அடி. கிட்டத்தில் பட்டால் பெரிய விலங்கும் நின்ற இடத்தில் விழும். ஆண்டர்சனுக்குத் தேவைப்பட்டது அதுதான். அவர் நடந்தது மூங்கில் புதரும் உண்ணிச்செடியும் மண்டிய காட்டில். மறைவிலிருந்து பாயும் புலி முப்பது கஜத்தை இரண்டு விநாடியில் கடந்துவிடும். அங்கே முதல் குண்டில் பலம் வேண்டும், கண்ணிமைக்குள் இரண்டாவது குண்டு வேண்டும். தூரத்தைப் பற்றிய கவலை கிடையாது.

இதே துப்பாக்கியை வெட்டவெளிக்குக் கொண்டு வாருங்கள். நூறு கஜத்தில் குறி சரியாக விழும்படி வைத்திருந்தால், இருநூறு கஜத்தில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். முந்நூறு கஜத்தில் ஒன்றரை முழத்துக்கும் கீழே போய்விடும். நெஞ்சைக் குறிவைத்தால் முன்னங்கால் உடையும். விலங்கு விழாது, ஓடும். திறந்தவெளியில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் கடினம். நடுவில் மரமோ புதரோ இல்லாத புல்வெளியில் இருநூற்றைம்பது கஜம் நூற்றைம்பதாகத் தெரியும்.

இன்னொரு சங்கடமும் உண்டு, புத்தகம் மட்டும் படிப்பவர்களுக்கு இது தோன்றாது. வெட்டவெளியில் விலங்கின் பார்வையில் படாமலிருக்க வேட்டைக்காரன் தரையில் படுத்துத்தான் சுட வேண்டும். படுத்த நிலையில் லீவரைக் கீழே தள்ளினால் அது மண்ணில் இடிக்கும். துப்பாக்கியைச் சாய்த்து, முழங்கையைத் தூக்கி, அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குள் குறி கலைந்துவிடும். 405-இன் வெற்றுக்கூடு மேல்பக்கமாகத் துள்ளுவதால் குழலுக்கு நேர்மேலே டெலஸ்கோப் பொருத்தவும் இடமில்லை. முந்நூறு கஜத்தில் வெறுங்கண்ணுக்கு விலங்கின் தோளும் வயிறும் ஒன்றாகத்தான் தெரியும்.

வடக்கே குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த ஜிம் கார்பெட் வைத்திருந்ததைப் பாருங்கள். அவருக்கு 1907-இல் பரிசாக வந்த ரிக்பி 275 ஒரு போல்ட் துப்பாக்கி, அதாவது தாழ்ப்பாளைப் போலப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை. குண்டு 140 கிரெய்ன், 405-இல் பாதி எடைகூட இல்லை. ஆனால் வேகம் அதிகம். நூறு கஜத்துக்குக் குறி வைத்திருந்தால் இருநூறு கஜத்தில் நாலைந்து விரற்கடைதான் தாழும். அந்த மலைகளில் ஒரு சரிவிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச்சரிவில் இருப்பதைச் சுட வேண்டியிருக்கும். அந்த நிலத்துக்கு அந்தத் துப்பாக்கி பொருந்தியது. 1909-இல் ஆப்பிரிக்காவின் புல்வெளிக்குப் போன அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் 405 மேல் பெரிய பிரியம் உள்ளவர்தான். சிங்கத்துக்கு அதைத்தான் எடுத்தார். அவரே தூரத்து விலங்குகளுக்கென்று ஸ்பிரிங்ஃபீல்டு போல்ட் துப்பாக்கி ஒன்றையும், யானை, காண்டாமிருகத்துக்கு இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றையும் கூடவே கொண்டுபோனார்.

லீவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர் வேறு நாட்டில் இருந்தால், வெட்டவெளிக்கு எதை எடுக்கலாம்? என் கணிப்பில் இரண்டே பெயர்கள். ஒன்று 1899-இல் வந்த சாவேஜ் 99. அதில் தோட்டாக்கள் வட்டமாகச் சுழலும் உருளையில் இருக்கும், கூரான குண்டு போடலாம், வெற்றுக்கூடு பக்கவாட்டில் விழும். இப்போது தயாரிப்பில் இல்லை. இன்னொன்று பிரௌனிங் பி.எல்.ஆர். போல்ட் துப்பாக்கிக்கான பலமான தோட்டாக்களையே லீவரில் சுட வைக்கிற வடிவம், டெலஸ்கோப்பும் பொருத்தலாம். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்த 30-30 வின்செஸ்டர், காட்டுக்குள் நூற்றைம்பது கஜம் வரை மானுக்குப் போதும். பெரிய விலங்குக்கும் வெட்டவெளிக்கும் அதை நான் சொல்லமாட்டேன். படுத்துச் சுட வேண்டிய நிலமென்றால் இவை எல்லாவற்றையும்விடப் போல்ட் துப்பாக்கியே மேல்.

தமிழ்நாட்டில் உண்மையான வெட்டவெளி வேட்டை நடந்தது நீலகிரியின் புல்மேடுகளில். வரையாட்டையும் கடமானையும் வெள்ளைக்காரர்கள் அங்கே தூரத்திலிருந்து சுட்டார்கள். சுட்டுச் சுட்டு எண்ணிக்கை குறைந்துபோய், 1879-இலேயே நீலகிரிக்கென்று தனியாக ஒரு வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. காயத்தோடு பாறை இடுக்குக்குள் புகுந்த வரையாட்டைத் தேடி எடுப்பது எளிதா? செத்ததும் தெரியாது, பிழைத்ததும் தெரியாது.

புலி காயத்தோடு தப்பினால் கதையே வேறு. நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியைக் கார்பெட் 1907-இல் சுட்டு வீழ்த்தினார். வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதி இல்லை, கீழ்ப்பல் எலும்புவரை இல்லை. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. மானை மடக்கிக் கடிக்க முடியாமல் போன புலி மனிதரிடம் வந்தது. சுட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு குண்டுக்கு விறகு பொறுக்கப் போன பெண்களும் புல்லறுக்கப் போன பெண்களும் விலை கொடுத்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, எட்டாத தூரத்தில் சுடுவதைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நம் ஜவ்வாது மலையில் இன்னும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடுகின்றன. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, குச்சியால் இடித்து நிரப்புகிற துப்பாக்கி. ஒரே வெடி. இரண்டாவது வெடிக்குள் காட்டுப்பன்றி அடுத்த ஓடையைத் தாண்டியிருக்கும். இருபது கஜத்துக்கு மேல் ரவை எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. போலீசார் ஒப்படைக்கச் சொல்லும்போது தயங்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று மலைக்கிராமத்து அண்ணன் தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அது காட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

பன்றித் தொல்லை உண்மை, அதை மறுக்கவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் ஓரிரவு பன்றிக்கூட்டம் புகுந்தால் செடியோடு புரட்டிப்போட்டுவிடும். விதைத்தவருக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு வழி வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால், வனத்துறையினர் மட்டும் சுடலாம்.

இன்று நம் பக்கத்தில் வெட்டவெளியில் பெரிய விலங்கைச் சுடும் கேள்வி உயிரோடு இருப்பது இந்தக் கொல்லைமேட்டில்தான். இங்கே பன்றிக்குப் பின்னால் இருப்பது மலையில்லை. பம்பு செட்டு, களம், அடுத்த ஊர்த் தெரு. தவறிய ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஆளைக் கொல்லும் வேகத்தோடு போகும். ஆகவே சுடப்போகிறவர் உயரமான பரண் போட்டு, அறுபது எழுபது கஜத்துக்குள் பன்றி வரும்வரை காத்திருந்து, மேலிருந்து கீழாகச் சுடட்டும். உடம்பைத் துளைத்து வெளியே வருகிற குண்டும் உழுத மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்த இரவில் கொல்லைக்காரர்கள் பார்ப்பதற்கென்று வரப்பில் வந்து நிற்காமல், வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டும்.