மடவைக்கு ஒரு பொய் இரை

மடவை மீன் தெரியும்தானே? முத்துப்பேட்டை, பழவேற்காடு பக்கம் வலையை வளைத்ததும் துள்ளித் தாண்டி ஓடப் பார்க்குமே, அதுதான். அதன் உறவுக்கார மீன் ஒன்று இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வால் கழிமுகங்களில் இருக்கிறது. உதடு தடித்த மடவை.

அதைத் தூண்டிலில் பிடிப்பது லேசில்லை. பெரிய இரையைத் திரும்பியும் பார்க்காது. சேற்றின் மேல் படிந்த பாசியை மணலோடு உறிஞ்சி, கோழிக்கு இருப்பதுபோன்ற கெட்டியான இரைப்பையில் அரைத்துக்கொள்ளும். அதனால் தூண்டில்காரர்கள் சின்னக் கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி, குட்டி இறால் மாதிரி ஒரு பொய் இரை கட்டுகிறார்கள். விரல் நகத்தளவுதான். அதற்கு எடையே கிடையாது. எடை தூண்டில் நூலில் இருக்கிறது. நூலைச் சாட்டைபோல முன்னும் பின்னும் வீச, இரை அதோடு போய்த் தண்ணீரில் மெத்தென்று உட்காரும்.

ஏற்றத்தண்ணீரோடு முழங்கால் ஆழத்துக்குக் கூட்டம் வரும். வால் நுனி வெளியே தெரியும். ஒரு மீன் இரையை வாய்க்குள் இழுக்கும். சந்தேகம் வந்தால் அந்த நொடியே துப்பிவிடும். எவ்வளவு அழகான ஜாக்கிரதை!

மெதுவாக வளரும் மீன் என்பதால் பலர் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த பழக்கம். சாப்பாட்டுக்கு என்ன குறை? பக்கத்திலேயே நியூலின் துறைமுகம். காலையில் வந்திறங்கிய நண்டும் கானாங்கெளுத்தியும் மதியம் தட்டில் இருக்கும்.