பெயர்ப் பட்டியல் கேட்பவர்களுக்கு நமது பதில்

(சங்கத்தின் பவானிபூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது தெருமுனை நாடகத்தில் நடிப்பவர்கள் யார், எங்கே வேலை, வீட்டு முகவரி என்ன என்று சென்ற மாதம் ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. அன்று முதல் ஒத்திகைக்கு வரும் பிள்ளைகள் குறைந்துவிட்டனர். "பிழைக்க வந்த இடத்தில் நமக்கு ஏன் வம்பு?" என்கிறார்கள் பெற்றோர். இந்தப் பயம் இயற்கையானது. ஆனால் பயமுறுத்துவதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் நாம் குடியிருக்கும் பவானிபூருக்கும் இடமுண்டு.

1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் கல்கத்தா வந்தார். பவானிபூர் வக்கீல் ஜகதானந்த முகர்ஜி அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்து, பெண்களைக் கொண்டு வரவேற்றார். ஊரில் பெரும் சலசலப்பு. கிரேட் நேஷனல் தியேட்டர் அதைக் கேலி நாடகமாக்கியது. போலீஸ் தடுத்தது. பெயரை மாற்றி மீண்டும் போட்டார்கள். போலீஸ் அதிகாரிகளான ஹாக், லாம்ப் இருவரையும் பன்றியும் ஆடுமாக்கி இன்னொரு நாடகமும் போட்டார்கள். பிப்ரவரி 29ல் அவசரச் சட்டம் வந்தது. மார்ச்சில் உபேந்திரநாத் தாஸ், அமிர்தலால் பாசு முதலியோர் கைதானார்கள். டிசம்பரில் நாடகச் சட்டம் நிரந்தரமாயிற்று. தடையை மீறினால் மூன்று மாதம் வரை சிறை!

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1954ல், எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் ஆட்சியாளர்களைச் சுட்ட காலத்தில், சென்னையிலும் ஒரு நாடகச் சட்டம் வந்தது. நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி பெறும் நிலை ஏற்பட்டது. 'பரீக்‌ஷா' ஞாநி வழக்குப் போட்டார். 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்றது. 1876 சட்டத்தைப் பாராளுமன்றம் ரத்து செய்தது 2018ல்தான்.

சட்டம் இல்லாத இடத்தில் தடி வந்தது. இதே நகரின் கர்சன் பார்க்கில், பாதல் சர்க்கார் போன்றோர் மேடையும் டிக்கெட்டும் இல்லாமல் மக்கள் நடுவே நாடகம் நடத்திய இடத்தில், 1974 ஜூலை 20 அன்று போலீஸ் தாக்குதலில் பிரபீர் தத்தா உயிரிழந்தார். 1989 ஜனவரி 1ல் டில்லியை அடுத்த சாகிபாபாதில் தொழிலாளர் நடுவே நடித்த சப்தர் ஹஷ்மி குழுவினர் குண்டர்களால் தாக்கப்பட்டார்கள். ஹஷ்மியும் தொழிலாளி ராம் பகதூரும் மாண்டார்கள். ஜனவரி 4ல், அதே இடத்தில், அதே நாடகத்தை ஹஷ்மியின் மனைவி மலாயஸ்ரீயும் தோழர்களும் நடித்து முடித்தார்கள்.

தோழர்களே, நாலு பேர் கூடி நடிப்பதற்கு ஏன் இவ்வளவு அச்சம்? ஆட்சியாளர்கள் நம்மைக் கண்காணிக்கலாம்; நாம் அவர்களைக் கவனிக்கக் கூடாது. அதுதான் அவர்கள் விருப்பம். தெரு நாடகம் அதைத் தலைகீழாக்குகிறது. இன்று தெருமுனையில் கேமரா, கையில் இருக்கும் போனிலும் உளவு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உரிமை, கூலி வேலைக்கு வந்த தமிழனுக்கும் உண்டு.

ஆகவே எனது யோசனை இது. நாடகத்தின் இடத்தையும் நேரத்தையும் நாமே பகிரங்கமாக அறிவிப்போம். வாய்மொழியாகக் கேட்பவருக்குப் பெயர்ப் பட்டியல் தருவதற்கில்லை. எழுத்தில் கேட்டால், வக்கீலைக் கலந்து சங்கம் எழுத்தில் பதில் தரும். தனி ஆளாக எந்தப் பிள்ளையும் பதில் சொல்ல வேண்டாம். ஒத்திகைக்குப் பெற்றோரும் வந்து உட்காருங்கள்.

நடிப்பவர் பத்துப் பேர் என்றால் பட்டியல் போடலாம். தெருவே திரண்டு நின்றால் யார் பெயரை எழுதுவார்கள்?