அழுத்தமும் தடையும்



ஆடிப்பூரத் தேர் நாளில் திருவில்லிபுத்தூர் ரத வீதிகளிலும், வெயிற்காலத்தில் இராசபாளையத்துக் கடைவாசல்களிலும் கோலி சோடா திறக்கும் ஓசை கேட்டுப் பழகியதே. கவிஞர் கற்கத்தக்க பாடம் ஒன்று அதற்குள் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. அதற்குத் தக்கை இல்லை. உள்ளே அடைபட்ட கரியமில வாயுவே கோலியை மேலே உந்தி, கழுத்திலுள்ள இரப்பர் வளையத்தோடு இறுக்கி வைக்கிறது. வெளியேறத் துடிக்கும் வாயுவே தன் வாயிலுக்குக் காவலாகவும் நிற்கிறது. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கினார். இவ்வட்டாரத்துக்கும் சோடாவுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழையது.

இயல்பான காற்றழுத்தத்தில், உறைநிலையிலுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். 30 பாகை வெப்பத்தில் அதில் பாதியைக்கூடக் கொள்ளாது. ஆகவேதான் வெயிலில் கிடந்த சோடா திறந்தவுடன் பொங்கி வழிந்து, பின் வெறும் நீராகிறது.

இதே சிக்கல், பீரைப் பீப்பாயில் வைத்து வீட்டிலேயே குழாய்வழி வார்த்துக்கொள்ளும் மேலைநாட்டாருக்கும் உண்டு. 3 அல்லது 4 பாகைக் குளிரில், சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அளவில் வாயு அழுத்தம் வைப்பது வழக்கம். குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் கோப்பை முழுதும் நுரையே. புதியவர் உடனே அழுத்தத்தைக் குறைப்பார். அன்று நுரை சற்று அடங்கும். நாளடைவில் கரைந்திருந்த வாயு பிரிந்து பானம் சப்பென்றாகிவிடும். தேர்ந்தவர் அழுத்தத்தைத் தொடார். குழாயை மெல்லியதாக, நீளமாக மாற்றுவார். உட்சுவரோடு உராய்ந்து வரும் வழியில் அழுத்தம் சிறிது சிறிதாகச் செலவாகும். பானம் அமைதியாக இறங்கும். வாயுவும் அதனுள்ளேயே தங்கும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் எண்ணிப் பார்க்கவேண்டியது இதுவே. ஆலைப்பணி முடித்து வந்து கவிதை படிக்கும் இளைஞரின் வரிகளில் சினம் பொங்கினால், சினத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது எளிது. அது பீப்பாயின் அழுத்தத்தைத் தணிக்கும் பிழை. அவருக்கு வேண்டியது நீண்ட குழாய்: சில நாள் காத்திருத்தல், ஒரு சொல்லை நீக்கிப் பார்த்தல், யாப்போ பிறிதொன்றோ தாமே வகுத்த வரம்புக்குள் நின்று சொல்லுதல். மரபா, புதிதா என்னும் வழக்கு இங்கே எழவில்லை. தடை எதுவாயினும் அழுத்தத்துக்கு ஈடாக இருத்தல் வேண்டும். அழுத்தமே இல்லாத இடத்தில் தடையை மட்டும் நீட்டினால் ஒரு துளியும் வாராது. இலக்கணம் நிறைந்தும் உயிரற்ற செய்யுள்கள் அதற்குச் சான்று.

கோலி சோடாவை வார்ப்பவர் கழுத்தின் பள்ளமுள்ள பக்கத்தைக் கீழாகச் சாய்ப்பார். கோலி அங்கே தங்கி வழிவிடும். மாற்றிச் சாய்த்தால் அதுவே உருண்டு வந்து வழியை அடைக்கும். கோலியை எவரும் எடுத்தெறிவதில்லை. அது தங்குமிடத்தை அறிந்து சாய்க்கிறார்கள்.