வேண்டாம் என்றது அப்பளத்தை



ஒரு பெண் அப்பளக் கட்டுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு விற்கப் போகிறார். முதல் கடையில் "வேண்டாம்மா" என்கிறார்கள். அடுத்த கடையில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது கடைப் படியில் அவர் கால் தயங்குகிறது. ஏன்? கடைக்காரர் வேண்டாம் என்றது அப்பளத்தை. அவர் காதில் விழுந்ததோ "நீ வேண்டாம்" என்று.

வீட்டு வாடகையும் பிள்ளையின் பீஸும் அந்தக் கூடைக்குள் இருக்கின்றன. மனசு பதறத்தான் செய்யும். பதறாதே என்று சொல்வது எளிது. சொல்பவரா வாடகை கட்டப் போகிறார்?

ஆனால் பதறினால் என்ன ஆகிறது? சாயங்காலம் ஆனதும் அடக்க விலைக்குக் கீழே கொடுத்துவிடுகிறார். முன்பின் தெரியாதவருக்குக் கடன் வைக்கிறார். கூடை காலி. மறுநாள் உளுந்து மாவு வாங்கப் பணம் இல்லை.

இதே தொழிலில் இறங்கிய ஏழு பெண்கள் மும்பையில் இருந்தார்கள். 1959 மார்ச் 15 அன்று, கிர்காம் பகுதியில், ஒரு மொட்டை மாடியில் கூடினார்கள். கையில் இருந்தது கடனாக வாங்கிய 80 ரூபாய். அன்று போட்டது நாலு பாக்கெட் அப்பளம். நாலே நாலு! நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.  

மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலை நின்றது. மழையை யார் நிறுத்த முடியும்? அடுத்த வருடம் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்கு அடியில் அடுப்பு. மழை பெய்தது, அப்பளமும் காய்ந்தது. அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதில் வேலை.

வாங்குவதும் வாங்காததும் கடைக்காரர் கையில். மாவின் பதம், உப்பின் அளவு, இன்று எத்தனை கடை ஏறுவது, இவை நம் கையில்.

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டு வாங்குங்கள். விற்ற பணத்தில் முதலைத் தனியாக முடிந்து வைத்துவிட்டு, ராத்திரி எழுதுங்கள். ஏறிய கடை எத்தனை? விற்றது எத்தனை? வேண்டாம் என்றவர் என்ன காரணம் சொன்னார்? அழுகை வந்தால் அழுதுவிட்டே எழுதுங்கள், பரவாயில்லை.

"விலை கூட" என்று ஒருவர் சொல்லியிருப்பார். "முந்தாநாள் வாங்கினதே இன்னும் இருக்கிறது" என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். அந்த இரண்டாவது கடைக்கு நாலு நாள் கழித்து மறுபடி போகலாம்.