பச்சைப் புள்ளியும் மரபணு மாற்ற உணவும்



உணவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துப் பச்சைப் புள்ளி இருந்தால் கூடையில் இடுவது சமண இல்லங்களில் கைப்பழக்கமாகிவிட்டது. 2001ஆம் ஆண்டின் அறிவிக்கையால் வந்த அக்குறி, புலால் மறுத்தோர்க்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது சமண நோன்பை அளவுகோலாகக் கொண்டு வகுக்கப்பட்டதன்று. தேன் புட்டியின் மேலும் பச்சைப் புள்ளியே உள்ளது. சட்டத்தின் கணக்கில் பாலைப் போலத் தேனும் புலாற் பொருளன்று. கள்ளோடும் ஊனோடும் தேனையும் விலக்கிய மரபினர் அங்குத் தம் அறிவையே துணைக்கொள்ள வேண்டியுள்ளது. தேனையாவது கண்ணால் காணலாம். மரபணுவைக் காண இயலாது.

பாலாடைக்கட்டியை எடுத்துக்கொள்வோர் எத்தனை பேர் அதன் வரலாற்றை அறிவர்? பாலை உறையவைக்கும் கைமோசின் என்னும் நொதி, முன்பு இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. கன்றைக் கொல்லாமல் அது கிட்டாது. பின்னர் அறிவியலார் கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் புகுத்தி, அந்நுண்ணுயிரைத் தொட்டியில் வளர்த்து, அதே நொதியைப் பெற்றனர். 1990இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு இசைவளித்தது. இன்று உலகின் பாலாடைக்கட்டியில் பெரும்பகுதி கன்றின் இரைப்பையை நாடாமலே உறைகிறது. மரபணு மாற்றம் என்றாலே கேடு என்று முழங்குவோர் இக்கன்றுகளை நினைப்பதில்லை.

நோன்பு பூண்ட ஒருவர் இதனை உண்ணலாமா? கொலை நிகழவில்லை ஆதலின் ஏற்கலாம் என்பார் ஒருவர். மூலம் கன்றினுடையது, செய்தல் செய்வித்தல் உடன்படுதல் மூன்றையும் எண்ண வேண்டும் என்று மறுப்பார் மற்றொருவர். இரு கூற்றும் தள்ளத்தக்கனவல்ல. ஆனால் செய்தியே அறியாதவர் எப்பக்கமும் முடிவெடுக்க இயலாது. அவருக்காக வேறொருவர் முடிவெடுத்துவிடுகிறார்.

தக்காளியில் மீனின் மரபணு உண்டு என்னும் பேச்சு இன்னும் வீடுகளில் உலவுகிறது. அது ஆய்வுக்களத்தோடு நின்ற முயற்சி, சந்தைக்கு வந்ததேயில்லை. பி.டி. கத்தரியில் புகுத்தப்பட்டதும் மண்ணில் வாழும் பாக்டீரியம் ஒன்றின் மரபணுவே. அதனையும் 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். ஆனால் 2002 முதல் விளையும் பி.டி. பருத்தியின் கொட்டையிலிருந்து வரும் எண்ணெய், உணவு எண்ணெயாக ஓசையின்றி விற்பனையாகிறது.

2013 சனவரி முதல் மரபணு மாற்ற உணவுப் பொட்டலத்தின் முகப்பில் 'ஜிஎம்' என்னும் எழுத்துகள் வேண்டும் என எடையளவு விதி கூறியது. அவ்வெழுத்துகளைக் கடைத்தட்டில் கண்டவர் அரியர். 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டது. ஒரு பொருளில் 1 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்பது அதன் கூறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவ்வரம்பு 0.9 விழுக்காடு, அமெரிக்காவில் 5. அமெரிக்கச் சட்டம் நன்கு சுத்திகரித்த எண்ணெயில் மாற்றத்தின் சுவடு தென்படாவிடின் விட்டுவிடுகிறது. ஐரோப்பியச் சட்டமோ எஞ்சியிருப்பதை மட்டும் பாராமல், எந்தப் பயிரிலிருந்து வந்தது என்று வழியைத் தொடர்ந்து கேட்கிறது. நோன்பியின் கேள்விக்கு இதுவே அண்மையானது.

எனினும் அந்த ஐரோப்பியச் சட்டமும் கைமோசினைச் செய்முறைத் துணைப்பொருள் என்று ஒதுக்கிவிடுகிறது. இந்திய வரைவிலோ கன்றின் மரபணுவுக்கும் மண் பாக்டீரியத்தின் மரபணுவுக்கும் ஒரே வாசகம்தான். எவ்வுயிரிலிருந்து என்னும் சொல் இல்லை.

பொட்டலத்தின் மேல் நுகர்வோர் தொடர்பு எண்ணும் முகவரியும் அச்சிடப்பட வேண்டும் என்பதும் சட்டமே. நொதி எவ்வகையது, அதன் மரபணு எவ்வுயிரினது, எண்ணெய் எந்த வித்தினது என்று மூன்று வினாக்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்கலாம். வரும் விடையை வீட்டுப் பெரியவர்களுக்கும் நோன்பு நோற்பவர்களுக்கும் படித்துக் காட்டலாம்.