மாடல் மாறலாம், நம் பிழைப்பு நிற்கலாமா?



மற்றவர்களைப் பேச வைப்பதுதான் வழக்கமாக என் வேலை. இன்று 'சிறுதொழிலும் வாகனமும்' என்ற தலைப்பைக் கொடுத்து என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். நான் வாகனப் பொறியியல் படித்தவள் அல்ல. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்றவள். ஆனால் ஒரு பிக்கப் சம்பாதித்துக் கொடுத்த சோற்றில் வளர்ந்தவள். அந்த உரிமையில் சில வார்த்தைகள்.

குளுவாங் வட்டாரத்தில் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறிய பிறகு, கிடைத்த பணத்தில் அப்பா பழைய 'சிங்கிள் கேப்' பிக்கப் ஒன்றை வாங்கினார். காலையில் செம்பனைக் குலை ஏற்றுவார். மாலையில் மாட்டுக்குப் புல். திருவிழா வந்தால் கோயிலுக்குப் பந்தல் சாமான். நான் மூன்றாம் படிவம் படித்த ஆண்டில் அந்த வண்டி ஒரு நாள் நின்றுவிட்டது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த மாடலை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. சாமான் தேடித்தான் பார்க்கணும்" என்றார். தேடிக் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் குலை ஏற்றும் வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

அப்பா யாரையும் திட்டவில்லை. "வாங்கும்போதே கேட்டிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். என்ன கேட்டிருக்க வேண்டும்? அதைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

முதலில், பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஹைலக்ஸ் என்ற பெயர் 1968 முதல் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது மாறிக்கொண்டே வருகிறது. 2016இல் நம் நாட்டுக்குப் புதிய தலைமுறை ஹைலக்ஸ் வந்தபோது 2.5 லிட்டர் டீசல் இயந்திரம் போய் 2.4 லிட்டர் வந்தது. 2019இல் இசுசு டி-மேக்ஸில் 2.5 போய் 1.9 வந்தது. ஃபோர்ட் ரேஞ்சரின் ஐந்து சிலிண்டர் 3.2 இயந்திரம் விடைபெற, 2.0 அந்த இடத்தைப் பிடித்தது. புகைக் கட்டுப்பாடும் எரிபொருள் சிக்கனமும் இதற்கு முக்கியக் காரணங்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்து டீசல் வண்டியை மரத்தடியில் நிறுத்தி ஸ்பேனரை வைத்தே சரி செய்தார்கள். இன்றைய வண்டியில் என்ன பழுது என்று கண்டுபிடிக்கவே கணினி வேண்டும். நம் ஊர்ப் பட்டறையில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

இரண்டாவது, நமக்குத் தேவை வேலையா, அழகா? கடைகளின் முன்வரிசையில் நிற்பது நான்கு கதவு 'டபுள் கேப்'. குடும்பத்தோடு போகலாம், பார்க்கவும் கம்பீரம். ஆனால் பின்தட்டின் நீளம் ஏறக்குறைய ஐந்து அடிதான். சிங்கிள் கேப்பில் அது ஏழரை அடியை எட்டும். குலை ஏற்றுபவருக்கும் புல் வெட்டும் குத்தகைக்காரருக்கும் அந்த இரண்டரை அடியில்தான் லாபமே இருக்கிறது.

மூன்றாவது, நிறுத்தப்பட்ட மாடல் என்றாலே ஆபத்து என்று பயப்படவும் வேண்டாம். நம் புரோட்டோன் நிறுவனத்தின் முதல் பிக்கப்பான அரேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜம்பக் என்ற பெயரில் ஓடியது. பிறகு நிறுத்தப்பட்டது. ஆனால் அது வீரா காரை அடிப்படையாகக் கொண்டது. அதனால் இயந்திரச் சாமான்களுக்கு வீராவின் துணை உண்டு. பின்தட்டும் பின்கதவும் அதற்கே உரியவை, சிரமம் அங்கேதான். ஆக, ஒரு மாடல் எத்தனை பேரிடம் இருக்கிறது, வேறு எந்த வண்டியோடு சாமான்களைப் பகிர்ந்துகொள்கிறது என்பதே முக்கியம்.

பெரிய பெயரும் காப்பாற்றாது. மெர்சிடிஸ் நிறுவனம் நிசான் நவாராவை அடிப்படையாக வைத்து 2017இல் எக்ஸ்-கிளாஸ் பிக்கப்பைக் கொண்டுவந்தது. 2020இலேயே அதன் உற்பத்தி நின்றுபோனது.

நான்காவது, தவணைக் கணக்கு. வாகனக் கடன் அதிகபட்சம் ஒன்பது ஆண்டு. ஒரு பிக்கப் தலைமுறையின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான். டிரைட்டன் 2015இல் மாறியது, மறுபடி 2024இல் மாறியது. ரேஞ்சர் 2012இல், பிறகு 2022இல். ஒரு தலைமுறை முடியும் தறுவாயில் "கழிவு தருகிறோம்" என்பார்கள். கழிவைப் பார்த்து மயங்கி வாங்கினால், சில மாதங்களில் நம் வண்டி பழைய மாடல் ஆகிவிடும். கடன் மட்டும் ஒன்பது ஆண்டுக்குப் புதிதாகவே இருக்கும்! அந்தக் கழிவு, பின்னால் விற்கும்போது குறையப் போகும் விலைக்கு ஈடாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 காசானது நினைவிருக்கும். தகுதி பெற்றவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை கிடைத்தது. ஆனாலும் அன்று பலருக்கும் ஒன்று புரிந்தது. வண்டியின் விலை ஒரு நாள் செலவு; அதை ஓட்டும் செலவு தினந்தோறும் வருவது. 2025 நவம்பரில் தாய்லாந்தில் அறிமுகமான புதிய ஹைலக்ஸில் மின்சார வகையும் உண்டு. மாற்றம் நிற்கப் போவதில்லை. அதைத் தடுக்கவும் நம்மால் முடியாது. ஆனால் கேள்வி கேட்க முடியும்.

விற்பனையாளரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த மாடல் வந்து எத்தனை ஆண்டு ஆகிறது? சாமான்கள் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும்? எங்கள் ஊர்ப் பட்டறையில் இதைப் பழுது பார்க்க முடியுமா? பதில் சொல்லத் தயங்கினால் அவசரப்படாதீர்கள். உங்கள் பட்டறைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறுநாள் போங்கள்.

அப்பா பிறகு வேறொரு பிக்கப் வாங்கினார். கடைக்குப் போகும் முன் அவர் போனது பட்டறைக்குத்தான். "நீ எந்த வண்டியை உடனே ரிப்பேர் பண்ணித் தருவியோ, அதைச் சொல்லு தம்பி. அதையே வாங்குறேன்" என்றார். அந்த வண்டி ஓடித்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இன்று உங்கள் முன் நிற்கிறேன்.